வெள்ளைக் காகிதத்தில் இருக்கும் படம்

என்லார்ஜர் என்பது தூண் ஒன்றில் ஏறி இறங்கும் விளக்குக் கூண்டு. கூண்டின் உச்சியில் பால்வெள்ளை பல்பு. அதன் வெளிச்சத்தைக் குவித்து அனுப்ப இரண்டு கண்டென்ஸர் கண்ணாடிகள், அவற்றின் கீழே நெகட்டிவைத் தட்டையாகப் பிடிக்கும் கேரியர், அதற்கும் கீழே லென்ஸ், கடைசியில் அடிப்பலகையின் மேல் காகிதம். ஒளி மேலிருந்து இறங்கும் வழியில் நெகட்டிவைக் கடந்து, அதன் உருவத்தைப் பலமடங்கு பெருக்கிக் காகிதத்தின் மேல் விரிக்கிறது. 35 மி.மீ. ஃபிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ் பொருந்தும், 6×6 செ.மீ. நெகட்டிவுக்கு 75 அல்லது 80 மி.மீ. வேண்டும்.

நெகட்டிவ் சிறுத்த பிறகுதான் இந்தக் கருவி இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தபோது, படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது. நெகட்டிவைக் காகிதத்தோடு சேர்த்துப் படியவைத்து வெயில் காட்டினால் போதும். அந்தக் கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு அவர் காட்டியதும் இந்த முறையில்தான். 1925-ல் ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் லைக்கா கேமராவை வெளியிட்டது. சினிமா ஃபிலிமை வைத்து ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய அந்தக் கேமராவின் நெகட்டிவ் 24×36 மி.மீ.; தபால்தலையை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. அதை 8×12 அங்குலப் படமாக்க நீளத்தில் எட்டரை மடங்கு, பரப்பில் 70 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். பெருக்கப் பெருக்க ஒளி பரந்து மெலியும். படத்தின் நீள அகலங்களை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் காட்டும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

சென்னையின் மேற்குப் புறநகரான கொரட்டூர் போன்ற இடத்தில் இந்த வேலைக்குத் தனிச் சிரமங்கள் உண்டு. மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் பல்பு மங்கும். பத்து விநாடியில் வந்த கருமை அடுத்த காகிதத்தில் வராது. ஆகவே என்லார்ஜருக்கு ஸ்டெபிலைசர் தேவைப்படும். விளக்குச் சூட்டில் ஃபிலிம் வளைந்து நடுப்பகுதி கூர்மை இழக்கும். வளையாதிருக்கக் கண்ணாடி கேரியரில் அழுத்தினால், ஃபிலிமும் கண்ணாடியும் ஒட்டும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் தோன்றும். டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். சென்னையின் மே மாதத் தண்ணீரோ 30 டிகிரியைத் தாண்டும். டெவலப்பர் ட்ரேயை ஐஸ் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டில் வைத்துச் சூட்டை இறக்குவது ஒரு வழி.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு என்லார்ஜர் விளக்கு அணைந்ததும் காகிதத்தைப் பார்த்தால் அது வெறும் வெள்ளை. வெளிச்சம் பட்ட காகிதத்தையும் படாத காகிதத்தையும் அருகருகே வைத்தால் எந்தக் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. டெவலப்பரில் அமிழ்த்தியதும் முதலில் சாம்பல் நிழலாகவும் பிறகு தலைமுடியாகவும் கண்ணாகவும் உரு எழுகிறது. அந்த உரு டெவலப்பரில் புதிதாகப் பிறந்ததா, முன்பே இருந்து இப்போது வெளிப்பட்டதா? இந்தியத் தத்துவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதிட்ட கேள்வி இது. காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்போர் சற்காரியவாதிகள். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இந்தப் பக்கம். காரியம் முன்பு இல்லாதது, புதிதாகத் தொடங்குவது என்போர் நையாயிகரும் வைசேடிகரும். தமிழில் இந்த வழக்குக்குப் பழைய மேடையும் உண்டு: வஞ்சி நகரில் சாங்கியர், வைசேடிகர் முதலிய சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகிக் கேட்கும் மணிமேகலைக் காப்பிய நாயகியின் காதை.

தமிழ்ப் பேச்சு வழக்கு தன் தரப்பைச் சொல்லாமல் சொல்லிவிட்டது என்றே தோன்றுகிறது. ஸ்டுடியோவில் ஃபிலிம் ரோலைக் கொடுத்தவர்கள் அதைப் ‘படம் கழுவக் கொடுப்பது’ என்றுதான் சொன்னார்கள். கழுவுவது இல்லாததை உண்டாக்கும் வேலை ஆகாது. பாத்திரம் கழுவினால் பாத்திரம்தான் வரும். படம் அங்கே இருக்கிறது, மேலே படிந்தது போனால் தெரியும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

கொரட்டூரில் இந்தக் கேள்வியை எழுப்புவதற்கு இடம் சார்ந்த பொருத்தமும் உண்டு. ரயில் பாதையும் ஏரியும் வீட்டுவசதிக் குடியிருப்புகளும் கொண்ட இந்தப் புறநகரை ஒட்டிய பாடியில் இருக்கிறது திருவலிதாயம். ஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். மற்றொரு பக்கம், 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஒன்று சைவம் வேரூன்றிய மண், மற்றொன்று பட்டறைகளின் மண். பொருள்கள் எப்படி உண்டாகின்றன என்ற விசாரணைக்குச் சைவ நூல்கள் எடுத்துக்கொள்ளும் உவமையும் பட்டறையிலிருந்து வந்ததே: குயவன், சக்கரம், மண். மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் செய்த சிவஞானபோதமும், அதைப் பின்தொடர்ந்த சாத்திரங்களும் உலகத் தோற்றத்தை இப்படியே பகுக்கின்றன. மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம். மாயைக்குள் நுண்மையாய் இருந்த உலகம் பருமையாய் விரிகிறது. பிறகு வந்த இடத்துக்கே ஒடுங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அந்நூலுக்கு எழுதிய மாபாடியம் இந்த வாதத்தை மிக விரிவாக நடத்துகிறது.

இந்தப் பகுப்பை இருட்டறைக்குக் கொண்டுவந்தால் முதல் அடியிலேயே ஒரு சிக்கல் வருகிறது. முதற்காரணம் எது? நெகட்டிவ் என்று வாய் முந்திக்கொண்டு சொல்லும். ஆனால் நெகட்டிவிலிருந்து ஒரு துகள் வெள்ளிகூடக் காகிதத்துக்கு இறங்குவதில்லை. நூறு பிரிண்ட் போட்டாலும் நெகட்டிவின் எடை குறையாது. மண் குடமாகிறது போல, எள்ளிலிருந்து எண்ணெய் வருவது போல, நெகட்டிவ் படமாவதில்லை. படத்தின் கருமை முழுவதும் காகிதத்தின் மேற்பூச்சில், ஜெலட்டினுக்குள் இருக்கும் வெள்ளி உப்பிலிருந்து வருகிறது. ஆகவே முதற்காரணம் காகிதத்தின் வெள்ளி. ஊட்டியில் 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ காகிதமானாலும், இறக்குமதிக் காகிதமானாலும் இதுவே நிலை. நெகட்டிவும் விளக்கும் லென்ஸும் துணைக்காரணங்கள். நெகட்டிவின் இடத்தைச் சக்கரத்தின் இடம் என்று கொள்ளலாம். ஆனால் எந்தச் சக்கரத்துக்கும் குடத்தின் உருவம் கிடையாது, நெகட்டிவுக்குப் படத்தின் உருவம் முழுவதும் உண்டு, அதுவும் கருப்பு வெள்ளை மாறி. மண் உவமைக்கு என்லார்ஜர் சேர்க்கும் திருத்தம் இது: பொருள் ஓரிடத்திலும் உருவம் வேறிடத்திலும் இருந்து, ஒளி ஒன்றின் மூலம் இரண்டும் கூட முடியும்.

நிமித்தகாரணத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. ஒரே நெகட்டிவிலிருந்து இருவர் போடும் பிரிண்டுகள் ஒன்றாக இருப்பதில்லை. முகம் கருத்துவிடாமல் அங்கே மட்டும் கையால் நிழல் கொடுத்து வெளிச்சத்தைத் தடுப்பது, வெளுத்த வானத்துக்கு மட்டும் கூடுதல் விநாடிகள் தருவது, மெல்லிய நெகட்டிவுக்குக் கடினமான கிரேடு காகிதம் எடுப்பது, இவையெல்லாம் கையும் கண்ணும் செய்யும் தேர்வுகள். நெகட்டிவுக்குள் ஒரே ஒரு படம் தயாராக அடைபட்டுக் கிடக்கிறது என்ற கற்பனையை இருட்டறையில் ஒரு மணி நேரம் நின்றவர் யாரும் ஏற்கமாட்டார்.

அப்படியானால் சற்காரியவாதம் தோற்றுவிட்டதா? அதன் உண்மையான சோதனை வெளிச்சம் பட்டு இன்னும் டெவலப்பரில் விழாத அந்த வெள்ளைக் காகிதத்தில்தான் இருக்கிறது. 1840-ல் இங்கிலாந்தில் ஒளிப்பட முன்னோடி டால்பட் இதைக் கண்டார்: வெறுமையாகத் தெரிந்த காகிதம் கேலிக் அமிலம் பட்டதும் படத்தைக் காட்டியது. தெரியாமல் இருந்த அந்த உருவுக்கு மறை உரு என்ற பொருளில் பெயர் வந்தது. அது என்ன என்பதற்கான விளக்கம் 1938 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு கர்னி, மாட் என்ற இருவர் அதைத் தந்தனர். ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகத்தில் விடுபடும் எலெக்ட்ரான்கள் படிகத்தின் ஓரிடத்தில் சிக்கி, வெள்ளி அயனிகளை அங்கே இழுத்து அணுக்களாக்குகின்றன. அப்படிச் சுமார் நான்கு அணுக்கள் சேர்ந்து ஒரு பொட்டு ஆனால் போதும். கோடிக்கணக்கான அணுக்கள் கொண்ட அந்தப் படிகம் முழுவதையும் டெவலப்பர் வெள்ளியாக மாற்றிவிடும். நான்கு அணுக்களை எந்தக் கண்ணாலும் காண முடியாது. அவை அங்கே இருப்பது காட்சியால் அறியப்படுவதில்லை, விளைவைக் கொண்டு அனுமானத்தால் அறியப்படுகிறது. காரணத்தில் காரியம் நுண்மையாய் உள்ளது என்று சித்தாந்திகள் சொன்னதற்கு இவ்வளவு நெருக்கமான எடுத்துக்காட்டு குயவன் வீட்டில் கிடைத்திருக்காது.

நையாயிகரின் மறுப்பு இலேசானதன்று. மண்ணிலேயே குடம் உண்டென்றால் மண்ணாலேயே தண்ணீர் மொள்ளலாமே, குயவன் எதற்கு என்பது அவர்களின் முதற்கேள்வி. குடம் உள்ளதுதான், வெளிப்படவில்லை. வெளிப்படுத்தவே குயவன் என்பது பதில். அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா, இல்லையா என்பது அடுத்த கேள்வி. இருந்ததென்றால் முயற்சி வீண். இல்லையென்றால் இல்லாத ஒன்று தோன்றியதாகிவிடும், சற்காரியவாதம் கைவிடப்பட்டதாகும். இந்தக் கிடுக்கியிலிருந்து வெளியேறுவது கடினம் என்றே பலர் கருதினர்.

ஆனால் கிடுக்கியின் பலம் முழுவதும் ஒரு படிமத்திலிருந்து வருகிறது: காரணத்துக்குள் காரியம் ஒரு சிறிய பொருளாக, போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது என்ற படிமம். மறை உரு அப்படிப்பட்டதன்று. காகிதத்துக்குள் சிறிய சாம்பல் படம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. வெளிச்சம் படாத வெள்ளைக் காகிதத்தையும் டெவலப்பரில் போதுமான நேரம் விட்டுவைத்தால் அதுவும் மெல்லக் கருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் அதை ‘ஃபாக்’ அடித்துவிட்டது என்பார்கள். டெவலப்பர் எல்லா வெள்ளி உப்பையும் மாற்றக்கூடியதே. பொட்டு உள்ள படிகம் முந்துகிறது, பொட்டு இல்லாதது மிகவும் பிந்துகிறது. ஒன்றரை நிமிடத்தில் காகிதத்தை எடுத்துவிடுவதால் முந்தியவை மட்டும் படமாகின்றன. ஆக, முன்பே உள்ளது ஒரு சிறு படம் அல்ல. இன்ன இடம் முந்தும், இன்ன இடம் பிந்தும் என்ற ஆற்றலின் வேறுபாடு. சாங்கிய காரிகையின் ஒன்பதாம் பாடலில் ஈசுவரகிருஷ்ணர் சற்காரியத்துக்குத் தரும் ஐந்து காரணங்களில், ஆற்றல் உள்ளதே தன்னால் ஆவதைச் செய்யும் என்பது ஒன்று. மற்ற நான்கையும் விட இது ஆழமானது என்பதை இருட்டறை காட்டுகிறது.

நையாயிகர் இதற்கும் விடை வைத்திருப்பார்: நான்கு அணுப் பொட்டு காரணத்தின் தன்மை, அதைக் காரியம் என்று ஏன் அழைக்க வேண்டும்? படம் தோன்றுமுன் படத்தின் முன்னின்மைதான் உண்டு. நியாயமான பதில்தான் இது. என்றாலும் இரண்டு வெள்ளைக் காகிதங்களை அருகருகே வைத்தால் அதன் குறை தெரியும். இரண்டிலும் படம் இல்லை. இன்மைக்குள் ஒன்றுக்கொன்று வேற்றுமை கிடையாது. ஆனால் ஒரு காகிதம் தாயின் முகமாகிறது, மற்றது ஒன்றும் ஆவதில்லை. முதற்காகிதத்தில் பொட்டுகள் விழுந்திருக்கும் முறை ஏதோ ஒரு பொதுத் தன்மையும் அல்ல. புருவம் வரவேண்டிய இடத்தில் அடர்ந்தும், நெற்றி வரவேண்டிய இடத்தில் அருகியும், புள்ளிக்குப் புள்ளி அந்தப் படத்தின் ஒழுங்கு அது. காரியத்தின் ஒழுங்கு முழுவதும் காரணத்தில் வந்துவிட்ட பிறகும் அங்கே காரியம் சிறிதும் இல்லை என்பது சொல்லளவில் நிற்கும் மறுப்பே. இந்த இடத்தில் சித்தாந்தத்தின் தரப்பு வலுவானது.

எதிலிருந்து வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் வந்துவிடாது, அதனால்தான் அறிந்தவர் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது ஈசுவரகிருஷ்ணரின் இன்னொரு காரணம். தயிர் வேண்டுபவர் பாலைத்தான் நாடுவார். இதற்கு ஒளிப்பட வரலாற்றில் அருமையான சான்று ஒன்று கிடைக்கிறது. ஒரே முறையில் தயாரித்த ஃபிலிம்களில் சில ஒளியை விரைந்து வாங்கின, சில மந்தமாய் இருந்தன. காரணம் ஜெலட்டினில் இருக்கிறது என்று தெரிந்தது. ஜெலட்டினில் எது என்பது தெரியவில்லை. 1925-ல் கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் அதைக் கண்டுபிடித்தார்: ஜெலட்டின் எடுத்த மாடுகள் தின்ற கடுகினச் செடிகளிலிருந்து வந்த கந்தகச் சேர்மத்தின் சிறு கலப்பு. மாடு மேய்ந்த கடுகு, எலும்பிலும் தோலிலும் தங்கி, ஜெலட்டினுக்கு வந்து, கடைசியில் ஒரு முகம் பதிவதற்கு உதவியது. காரணமே இல்லாத திடீர் வேற்றுமை என்று தோன்றிய ஒன்று, அடி வரை தேடியபோது உள்ளதிலிருந்தே வந்தது தெரிந்தது.

இருளைப் பற்றியும் இருட்டறைக்குச் சொல்ல உண்டு. இருள் ஒளியின் இன்மை மட்டுமே என்பது வைசேடிகர் கொள்கை. குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர் அதை ஒரு பொருள் என்றனர். சைவ சித்தாந்தமும் ஆணவ மலத்தை வெறும் இன்மையாகக் கொள்ளாமல், உயிரை மறைக்கும் உள்பொருளாகவே கொண்டு, இருளை அதற்கு உவமையாக்குகிறது. இருட்டறையில் எரியும் சிவப்பு விளக்கு இந்த வழக்கைப் புதிய முறையில் பார்க்க வைக்கிறது. கருப்பு வெள்ளைக் காகிதத்தின் வெள்ளி உப்பு நீலத்தையும் பச்சையையும் ஏற்கும், சிவப்பை ஏற்காது. நிற்பவரின் கண்ணுக்கு அறை வெளிச்சமாக இருக்கிறது. ட்ரேக்கள் தெரிகின்றன, கடிகாரம் தெரிகிறது. அதே வெளிச்சத்தில் கிடக்கும் காகிதத்துக்கோ அது நள்ளிரவு. எல்லா நிறத்தையும் ஏற்கும் ஃபிலிமைக் கழுவும்போது அந்தச் சிவப்பும் ஆகாது, முழு இருட்டு வேண்டும். ஆக இருட்டு என்பதை அறையைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது; வாங்கும் பொருளையும் பார்க்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த உமாபதி சிவம் திருவருட்பயனில் கோட்டானின் கண்ணை இதற்கே எடுத்தாள்கிறார்: பகல் ஒளி நிறைந்திருந்தும் அதன் கண்ணுக்கு அது இருட்டு, அதுபோல அருள் நிறைந்திருந்தும் உயிர் காணாது. அருள் வராததால் உயிர் இருளில் இருக்கவில்லை, ஏற்கும் பக்குவம் வராததால் இருக்கிறது என்பது கருத்து. சிவப்பு விளக்கின் கீழ்க் கிடக்கும் காகிதத்தைப் பார்த்தவருக்கு இந்த உவமை நூலில் மட்டும் கிடக்கும் செய்தியாக இருக்காது.

தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த கொரட்டூர், பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் ஃபிலிம் காலத்து ஸ்டுடியோவின் அன்றாட வேலை பாஸ்போர்ட் அளவுப் படங்களும் குடும்பப் படங்களும்தான். என்லார்ஜர் தன் முழுப் பொறுப்பையும் சுமந்தது ஒரு சாவுக்குப் பிறகு. படத்திறப்புக்கும் சுவரில் மாலையிடுவதற்கும் பெரிய படம் வேண்டும். இறந்தவர் தனியாக நின்று எடுத்த படம் பல வீடுகளில் இருக்காது. கல்யாணக் குழுப்படம் ஒன்றில் பின்வரிசையில் நிற்பார். 35 மி.மீ. நெகட்டிவில் அவர் முகம் 2 மி.மீ. உயரம் இருந்தால் அதுவே அதிகம். அதைச் சுவர்ப் படத்தில் 12 செ.மீ. உயரமாக்க 60 மடங்கு பெருக்க வேண்டும். சாதாரண என்லார்ஜரின் தூண் அவ்வளவு உயரம் போகாது. முதலில் ஒரு பிரிண்ட் போட்டு, அதையே மீண்டும் படமெடுத்து, அந்த நெகட்டிவிலிருந்து பெருக்குவார்கள்.

சற்காரியத்தின் எல்லை இங்கே கண்ணுக்குத் தெரியும். இருபது மடங்கு வரை முகம் முகமாக இருக்கும். மேலும் பெருக்கினால் தோலுக்குப் பதில் மணல் மணலாக வெள்ளித் துகள்கள் தெரியத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் கண் ஒரு கரும்புள்ளிக் கூட்டம். லென்ஸை எவ்வளவு கூர்மையாக்கினாலும் நெகட்டிவில் பதியாத இமை காகிதத்தில் வராது. இல்லாததைப் பெருக்க முடியாது. அப்போது டச்சிங் செய்பவர் பென்சிலும் தூரிகையும் எடுப்பார். புருவத்தைத் தீட்டுவார், மீசையின் நுனியைச் சரிசெய்வார், சட்டைக் காலரை வரைவார். அந்தக் கோடுகள் நெகட்டிவிலிருந்து வந்தவை அல்ல. ஆனால் அவையும் இன்மையிலிருந்து வந்தவை அல்ல. வீட்டார் அருகில் நின்று, மூக்கு இன்னும் சற்று எடுப்பாக இருக்கும், நெற்றியில் விபூதி மூன்று பட்டையாகப் பூசுவார் என்று சொல்லச் சொல்ல அவர் வரைவார். வெள்ளியில் இல்லாத முகம் மகளின் நினைவில் இருந்தது. முதற்காரணம் மாறியது, அவ்வளவே. அந்தப் படத்தின் முன் நின்று அழுபவர்களுக்கு எந்தக் கோடு ஒளியால் வந்தது, எது பென்சிலால் வந்தது என்ற வேறுபாடு தெரிவதில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

டெவலப்பருக்கு அடுத்த ட்ரேயில் அசெட்டிக் அமிலம், அதற்கடுத்து ஹைப்போ. ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டிருந்தார். படமாகாமல் எஞ்சிய உப்பு அதில் கரைந்து போனால்தான் படம் பகலில் நிலைக்கும். இல்லையேல் எஞ்சியதும் கருத்து எல்லாம் ஒரே கருமையாகும். தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் எண்ணும் மூன்றில் நிலைக்கு இங்கே தனி வேலை இருக்கிறது. தோன்றியது தானாக நின்றுவிடுவதில்லை. சரியாகக் கழுவாத படத்தில் தங்கிய ஹைப்போ, ஆண்டுகள் போகப் போக வெள்ளியைக் கந்தகச் சேர்மமாக்கிவிடும். சுவரில் மஞ்சளடித்து மங்கிய தாத்தாவின் முகத்தில் வெள்ளி தொலைந்துபோகவில்லை, வேறு உருவில் அங்கேயே இருக்கிறது.

ட்ரேயில் கரைந்த வெள்ளியும் அப்படியே. பழைய ஹைப்போவைக் கேனில் சேர்த்து வைத்தால் வெள்ளி பிரிப்பவர்கள் விலைக்கு வாங்கிச் செல்வார்கள். இரும்பு நாரையோ துத்தநாகத் தூளையோ அதில் போட்டால் கரைந்திருந்த வெள்ளி கரும்பொடியாக அடியில் படியும். எத்தனையோ முகங்களின் வெளிச்சப் பகுதிகளிலிருந்து, நெற்றிகளிலிருந்தும் வெள்ளை வேட்டிகளிலிருந்தும் கழன்று வந்த வெள்ளி அது. உலையில் உருக்கினால் முகம் எதுவும் இல்லாத ஒரு கட்டியாகிறது.